பாத்துச் செய்யுங்க

அத்தியாயம் 14

யோகேஸ்வரிக்குப் புது வேலை கிடைத்துவிட்டதைப் போன வாரமே உங்களிடம் சொல்லிவிட்டேன். சம்பளம் பேசுவதுதான் பாக்கி இருந்தது.

வேலை, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வன்னியம்பட்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் மருத்துவப் பஞ்சுக் கம்பெனியில். சரக்கின் தரம் பார்க்கிற பொறுப்பு. இராஜபாளையத்தில் சௌந்தரபாண்டியன் முதலாளியின் பேண்டேஜ் கம்பெனியில் பதினோரு வருடமாக அதே வேலையைத்தான் பார்க்கிறாள். அங்கே பதினேழாயிரத்து ஐந்நூறு. இங்கே எவ்வளவு என்பது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முடிவாக வேண்டும்.

அவள் மனதில் இருந்த எண் இருபத்தெட்டாயிரம்.

அது பேராசையில் வந்த எண் இல்லை. கணவன் முத்துவீரன் பட்டாளத்தில் இருக்கிறான். டிசம்பர் முப்பத்தொன்றோடு பதினேழு வருடம் முடிகிறது. ஊருக்கு வந்துவிடலாம். அல்லது இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று எக்ஸ்டென்ஷனுக்கு எழுதிக் கொடுக்கலாம். எது என்று அதே வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அங்கே ஆபீஸில் சொல்லியாக வேண்டும். பென்ஷனோடு இவள் சம்பளம் இருபத்தெட்டு சேர்ந்தால் வீடு தள்ளாடாமல் நடக்கும் என்று இருவரும் ஃபோனிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சேராவிட்டால் இன்னும் இரண்டு வருடம்.

அவர்கள் மகள் நாச்சியாருக்கு ஏழு வயது. போன லீவில் அப்பா வந்து இறங்கி, பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. "எப்பப்பா ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டாள். விருந்தாளியிடம் கேட்பது போலத்தான், அன்பாகத்தான் கேட்டாள். முத்துவீரன் சிரித்துச் சமாளித்தான். யோகேஸ்வரியால் முடியவில்லை, அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஆக, இன்றைக்கு அவள் கேட்கப்போவது சம்பளத்தை மட்டும் இல்லை.

*

காலையில் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

அம்மா வேலுத்தாய் மில்லில் மூன்றாவது ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூசி. காபியை ஊதிக்கொண்டே, "எம்புட்டுட்டி கேக்கப் போறே?" என்றாள்.

"இருபத்தெட்டும்மா."

"ஷிப்டுக்கு எம்புட்டு ஆவுது?"

"அங்க ஷிப்டு கணக்கில்லம்மா. மாசச் சம்பளம்."

வேலுத்தாய்க்கு உலகத்தில் எந்தச் சம்பளத்தையும் இருபத்தாறு ஷிப்டால் வகுத்துப் பார்த்தால்தான் புரியும். விரலை மடக்கினாள். "ஆயிரத்துச் சொச்சம் வருது. நான் ரெண்டு நாள் நின்னாத்தான் அம்புட்டு. நல்லாக் கேளு. அழுத பிள்ளைக்குத்தான் பாலு."

"வாயத் தொறந்து கேக்குறதா?" என்று எதிர்க்கட்சியிலிருந்து குரல் வந்தது. அப்பா சீனிச்சாமி. முப்பத்து மூன்று வருடம் மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். "பெரிய மனுசங்க முன்னாடி போயி எனக்கு இம்புட்டு குடு, அம்புட்டு குடுன்னா மருவாதியா? 'நீங்க பாத்துச் செய்யுங்க'ன்னு ஒரு வார்த்தை. அது போதும். அவிய அறிஞ்சு செய்வாக."

இந்தப் 'பாத்துச் செய்யுங்க' நம் பக்கத்துக்காரர்களுக்கு எழுதி வைத்த சொத்து. மண்டபத்துக்காரரிடம் சொல்வோம், வக்கீலிடம் சொல்வோம், பல் பிடுங்குகிற டாக்டரிடமும் சொல்வோம். சொன்னவருக்குக் கேட்டது போலவும் ஆகிவிடும், கேட்காதது போலவும் ஆகிவிடும். சீனிச்சாமி இதை முப்பத்து மூன்று வருடம் மில் முதலாளியிடம் சொன்னார். அவரும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க பாத்துச் செய்யுங்கன்னு சொன்ன லட்சணந்தான் எனக்கு அம்பத்தாறு வயசுல நைட் ஷிப்டு" என்றாள் வேலுத்தாய்.

சீனிச்சாமி எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் கூட வாரேன்" என்று மட்டும் மகளிடம் சொன்னார். யோகேஸ்வரி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை.

*

கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அப்பாவை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். மணி மூன்று.

மேனேஜர் ஜாஸ்மினுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிற பழக்கம். இரண்டு வாரம் முன்பு நேர்காணல் நடத்தியதும் அவர்தான்.

"வாங்க யோகேஸ்வரி. எல்லாம் ரெடி. ஒரு கையெழுத்துதான்" என்று ஒரு தாளைத் திருப்பி வைத்தார்.

வேலை நியமனக் கடிதம். யோகேஸ்வரி நேராக எண்ணைத் தேடினாள். இருபத்தோராயிரம்.

"மேடம், சம்பளம் இன்னிக்குத்தான் பேசணும்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். ஆனா அதுக்குள்ள உங்கப்பா முடிச்சிட்டாரே." ஜாஸ்மின் நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். "புதன்கிழமை ஒரு கல்யாணத்துல எங்க எம்.டி. நவநீதகிருஷ்ணன் சாரைப் பாத்திருக்காரு. 'என் மக உங்ககிட்ட வாரா, நீங்க பாத்துச் செய்யுங்க, எது குடுத்தாலும் அவளுக்குச் சம்மதம்'னு சொன்னாராம். சாருக்கு ரொம்ப சந்தோஷம். பழைய சம்பளத்துக்கு மேல இருபது பெர்சென்ட் போட்டு லெட்டர் அடிக்கச் சொல்லிட்டாரு."

யோகேஸ்வரி அந்த இருபத்தோராயிரத்தை மறுபடி பார்த்தாள்.

கோபம் வந்தது. வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற அப்பாவைப் போய் உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் இங்கே என்ன சொல்வது? 'எங்கப்பா சொன்னதெல்லாம் கணக்கில்லை' என்று சொன்னால் முன்பின் தெரியாத இடத்தில் அவரைச் சந்தி சிரிக்க வைத்த மாதிரி ஆகும். சரி என்று கையெழுத்துப் போட்டால் ராணுவ ஆபீஸில் ஐந்து மணிக்கு முத்துவீரனும் ஒரு கையெழுத்துப் போடுவான். இன்னும் இரண்டு வருடம். நாச்சியாருக்கு ஒன்பது வயதாகிவிடும்.

ஜாஸ்மின் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

யோகேஸ்வரி பேனாவை வாங்கினாள். வாங்கி, தாளின் மேல் வைத்தாள். மறுபடியும் எடுக்கவில்லை.

"அப்பா சொன்னது சரிதான் மேடம். பாத்துச் செய்யுங்கன்னுதான் சொல்லியிருக்காங்க" என்றாள். "ஆனா நீங்க எதைப் பாத்தீங்க?"

"புரியலையே?"

"என் பழைய முதலாளி எனக்கு என்ன போட்டாருன்னு பாத்தீங்க. அதுக்கு மேல கொஞ்சம் வெச்சீங்க. அது அவரு பாத்ததுதான மேடம், நீங்க பாத்தது இல்லையே. என் வேலையப் பாத்துட்டுச் செய்யுங்க."

ஜாஸ்மின் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை.

மேஜை ஓரத்தில் கம்பெனியின் பஞ்சுப் பொட்டலங்கள் மாதிரிக்காக அடுக்கியிருந்தன. யோகேஸ்வரி அதைக் காட்டி, "இதுல ஒண்ணு பிரிக்கலாமா?" என்று கேட்டாள்.

"பிரிங்க. நேத்து பாஸான லாட்டுதான். ரெண்டு வாரத்துல வெளிநாட்டுக்குப் போகுது."

ஒரு கொத்துப் பஞ்சைப் பிய்த்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளரை நடுவில் நகர்த்தினாள். "நல்ல ஆஸ்பத்திரிப் பஞ்சு பத்து செகண்டுக்குள்ள முங்கிரணும். எண்ணுங்க மேடம்" என்று சொல்லிப் பஞ்சைத் தண்ணீரில் மெதுவாகப் போட்டாள்.

ஜாஸ்மின் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பத்து வந்தது. பஞ்சு மிதந்தது. பதினைந்து. இருபது. ஒரு ஓரம் மட்டும் லேசாக நனைந்து, மற்றதெல்லாம் தண்ணீருக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்பது போல மேலேயே கிடந்தது. முப்பதில் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"உள்ள வந்தப்பவே பொட்டலத்து ஓரத்துல பிதுங்கின பஞ்சைத் தொட்டுப் பாத்தேன்" என்றாள் யோகேஸ்வரி. "கையில வழவழன்னு இருந்துச்சு. பஞ்சுல இருக்கிற மெழுகு போகலை. காஸ்டிக் சோடாத் தண்ணியில வேகவெச்ச நேரம் பத்தலை. இப்படியே போனா திரும்பித்தான் வரும் மேடம். மறுபடி வேகவெச்சு அலசினா சரியாயிரும், சரக்கு வீணாகாது."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சம்பளம் முடிவாகும் வரை வைத்திருந்து பேரம் பேசியிருக்கலாம். வேலுத்தாயாக இருந்தால் வைத்திருப்பாள். சரக்கு வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யோகேஸ்வரிக்கு வராது.

ஜாஸ்மின் இன்னும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "நீங்க எவ்வளவு எதிர்பாக்குறீங்க?"

இந்தக் கேள்விக்காக ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறாள். இருந்தும் அப்பாவின் முப்பத்து மூன்று வருடமும் வந்து வாயை அடைத்தது.

"இருபத்தெட்டாயிரம். கைக்கு."

சொல்லிவிட்டாள். 'இல்லைன்னா நீங்களே பாத்து...' என்று ஒரு வாக்கியம் தானாகக் கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. யோகேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிஜமாகவே கடித்தாள், வலித்தது.

"செத்த இருங்க. சார்கிட்டப் பேசிட்டு வந்துர்றேன்" என்று டம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டு ஜாஸ்மின் எழுந்து போனார்.

பதினெட்டு நிமிடம். மூன்று நாற்பத்தைந்துக்குத் திரும்பி வந்தார்.

"சார் கேக்குறாரு, இருபத்தஞ்சுக்குச் சம்மதமான்னு. மூணு மாசம் இருபத்தஞ்சு. வேலை எங்களுக்குப் பிடிச்சிருந்தா ஜனவரியில இருந்து இருபத்தெட்டு."

யோகேஸ்வரி மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர். அந்த மூன்று மாதமும் முத்துவீரனுக்கு முழுச் சம்பளம் வருகிறது. இருபத்தெட்டு தேவைப்படுவதே ஜனவரியில்தான்.

கணக்கு சரியாக வந்தது. ஆனாலும் அவள் முகத்தில் காட்டவில்லை. ஒரே நாளில் பெண் எவ்வளவு தேறிவிட்டாள் பாருங்கள்.

"சரி மேடம். அந்த 'பிடிச்சிருந்தா'வை மட்டும் எடுத்துட்டு, ஜனவரி ஒண்ணாந்தேதியில இருந்து இருபத்தெட்டாயிரம்னு லெட்டர்லயே அடிச்சுக் குடுத்துருங்க."

ஜாஸ்மின் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தப் பஞ்சு முங்கினாலும் முங்கும், நீங்க முங்க மாட்டீங்க."

புதுக் கடிதம் பிரிண்டரில் வருவதற்காக இருவரும் நின்றார்கள். ஜாஸ்மின் மெதுவாகச் சொன்னார். "நான் இங்க சேரும்போது அவங்க சொன்னதுக்குச் சரின்னுட்டேன். வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் அழுதேன். யாருகிட்டயும் சொல்லலை." கடிதத்தை எடுத்து நீட்டினார். "ஒண்ணாந்தேதி வரும்போது ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டு வந்துருங்க. அது இல்லாம உள்ள சேர்க்க மாட்டாங்க."

யோகேஸ்வரி சரி என்றாள். கையெழுத்துப் போட்டு முடித்தபோது மணி நாலே கால்.

*

வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக முத்துவீரனைக் கூப்பிட்டாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. மறுபடி. மறுபடியும் அதே பெண், அதே நிதானம்.

சீனிச்சாமி டீக்கடையிலிருந்து சாலையைக் கடந்து ஓடி வந்தார். "என்னாச்சு தாயி?"

"இருபத்தொண்ணுன்னு லெட்டர் அடிச்சு வெச்சிருந்தாக. எது குடுத்தாலும் சம்மதம்னு நீங்க வாக்குக் குடுத்துட்டீங்களாம்."

அவர் தலை குனிந்தது. ஃபோனைக் காதில் வைத்தபடியே அவள் கேட்டாள். "ஏம்ப்பா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"பயந்தேன்" என்றார் சீனிச்சாமி. சுற்றி வளைக்காமல் சொன்னார். "நீ அதிகமாக் கேட்டு, வேலையே இல்லைன்னுட்டா? மாப்ள வர முடியாமப் போச்சுன்னா? பிள்ளை மொகத்த எப்படிப் பாப்பேன்? கிடைக்கிறது கைய விட்டுப் போயிரக் கூடாதேன்னுதான் தாயி."

யோகேஸ்வரிக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று தேக்கி வைத்திருந்த கோபமெல்லாம் எங்கோ வடிந்துவிட்டது. கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடி போடாமலே அந்த எண்ணைப் படித்துவிட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"நீயாக் கேட்டியா?"

"நானாத்தான்."

"குடுத்துட்டாகளா?"

"குடுத்துட்டாகப்பா."

அவர் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் போகாமல் அங்கேயே நின்று தொண்டையைச் செருமினார். இவருடைய செருமல் இந்தத் தொடரின் வாசகர்களுக்குத் தெரியும். நல்லதுக்கு வராது.

"இன்னொண்ணு தாயி. சௌந்தரபாண்டியன் முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நீ வேற எடத்துக்குப் போறேன்னு. பதினோரு வருசம் அவிய உப்பைத் தின்னிருக்கோம். சொல்லாமப் போறது மொறையில்லையே?"

யோகேஸ்வரி ஃபோனைக் காதிலிருந்து இறக்கினாள். அவளே அடுத்த வாரம் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தாள். அதோடு, வேலையில் சேர்ந்த அன்று 'இங்கேயே பத்திரமா இருக்கட்டும்மா' என்று முதலாளி வாங்கிப் பீரோவில் வைத்த ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் இன்னும் அந்தப் பீரோவில்தான் இருக்கின்றன.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லலை. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரேன்னாரு."

பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட வீட்டுப் பக்கம் வராத முதலாளி. எதற்கு வருகிறார்? யோசிக்க நேரம் இல்லை. மணி நாலே முக்கால். யோகேஸ்வரி மறுபடி எண்ணை அழுத்தினாள். அதே பெண் குரல். சாலையோரம் நின்று ஆண்டாளையும் தன் ஊர் மாரியம்மனையும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள்.

நாலு ஐம்பதுக்கு ஃபோன் அடித்தது.

"யோகு!" காற்று இரைச்சலுக்கு நடுவே முத்துவீரன் குரல். "சிக்னலே இல்ல. மேட்டுல ஏறி வந்து நிக்கேன். பத்து நிமிசந்தான் இருக்கு. என்னாச்சு?"

"கிடைச்சிருச்சுங்க."

"எம்புட்டு?"

"இருபத்தெட்டு. ஜனவரியில இருந்து. லெட்டர்லயே போட்டு வாங்கிட்டேன்."

மறுமுனையில் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து ஃபோனைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னங்க? கேக்குதா?"

"கேக்குது" என்றான். அழுகிறான் என்று தெரிந்தது. "இரு. வெச்சுராத."

அதற்குப் பிறகு அவள் காதில் விழுந்தது பூட்ஸ் சத்தம் மட்டுமே. ஓடுகிறான். கல்லில், மண்ணில், பிறகு மரப்பலகையில். மூச்சு வாங்குகிறது. சிக்னல் இரண்டு தடவை அறுந்து அறுந்து ஒட்டியது. ஒரு கதவு திறந்தது. யாரோ ஒருவர் சலிப்பாக, "எக்ஸ்டென்ஷன் லேனா ஹை க்யா?" என்று கேட்பது கேட்டது.

இத்தனை வருடத்தில் அவன் சொல்லிக் கொடுத்து அவளுக்குத் தெரிந்த ஹிந்தி நாலைந்து வார்த்தைகள்தான்.

"நஹீ சாப்" என்றான் முத்துவீரன், மூச்சிரைக்க. "கர் ஜானா ஹை."

கர் என்றால் வீடு.

யோகேஸ்வரி ஃபோனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

சீனிச்சாமி மகளின் முகத்தைப் பார்த்து அரண்டு போனார். "என்ன தாயி? மாப்ள என்ன சொன்னாரு?"

"அவிய வீட்டுக்கு வாராகளாம்ப்பா."